மாஸ்டர் தேர்ந்தெடுத்த ஆடிட்டர்

கிளட்ச் மாஸ்டரிடம்தான் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். பாடம் நடக்கும்போது "கிளட்ச்! கிளட்ச்!" என்று அவர் போடும் சத்தம் தெருமுனைவரை கேட்கும். பெயர் அப்படித்தான் வந்தது. கோபக்காரர் இல்லை. தொண்டை கிழியக் கத்திவிட்டு மறுநொடியே, "நல்லாத்தான் ஓட்டறீங்க, உங்க இடது கால் மட்டும் உங்க பேச்சைக் கேக்கமாட்டேங்குது" என்பார். கற்று முடித்த பிறகும் எங்கள் பழக்கம் விட்டுப்போகவில்லை. அவர் வீடுகள் வாங்கியதும், அவற்றுக்குக் கணக்கு பார்க்க ஆள் தேடியதும், பிறகு நடந்ததும் எனக்குத் தெரிந்தது அப்படித்தான். பாதி அவர் சொன்னது, மீதி அவர் மனைவி சொன்னது. அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

மாஸ்டருக்குச் சொந்தமாகப் பள்ளி கிடையாது. வேறொருவர் நடத்திய டிரைவிங் ஸ்கூலில் சம்பளத்துக்கு இருந்தார். பயிற்சி வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. வருஷக்கணக்கில் அதை மிதித்து மிதித்து அவருடைய வலது முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்ச வருஷம் ஓடும்" என்றாராம், பழைய டயரைப் பற்றிச் சொல்வதுபோல. கால் மொத்தமாக உட்காருவதற்குள் வீட்டுக்கு வேறு ஒரு வருமானம் வேண்டும் என்று அன்றைக்கே மாஸ்டர் முடிவு செய்துவிட்டார். வீடு வாங்கி வாடகைக்கு விடுவதைத் தவிர வேறெதுவும் அவருக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் செய்யத் தெரிந்திருக்காது.

முதலில் வாங்கியது சைக்கிள் கடை மாடியில் இரண்டு அறைகள். அடுத்தது ஒரு சின்னத் தனி வீடு. அதன் அடுப்படிக்குப் பெரிய ஜன்னல். அக்காவுக்கு அந்த ஜன்னல் மேல் ஒரு கண். இரண்டுக்கும் பேங்க் கடன்தான், கையிலிருந்து போட்ட பணத்தில் பெரும்பகுதி அக்காவுடையது. அக்கா ஒரு கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். வருகிறவர்களை வரிசைப்படி உட்கார வைத்து, கண்ணில் மருந்து விட்டு, மூடிக்கொள்ளச் சொல்கிற வேலை. அந்தச் சம்பளத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்ததை எடுத்துக் கொடுத்தவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நம்ம வீட்டுல நாம எப்போ குடியிருக்கறதுங்க?"

"கடன் அடையட்டும்மா. இப்போ நாம போய் உட்கார்ந்தா தவணை யார் கட்டுவா?"

எனவே இரண்டு வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் டிரைவிங் ஸ்கூலுக்குப் பின்னால் ஒரு வாடகைப் போர்ஷனில் இருந்தார்கள். மழை பெய்தால் குளியலறைக்குக் குடை பிடித்துக்கொண்டு போக வேண்டிய போர்ஷன் அது.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் மாஸ்டர் பெயின்ட் டப்பாவும் கையுமாகக் கிளம்பிவிடுவார். குழாய் ஒழுகினால் அவரே மாற்றுவார், சுவர் வெடித்தால் அவரே பூசுவார். நானும் சில முறை ஏணி பிடித்திருக்கிறேன். ஒரு ஜன்னல் கொக்கி மாட்டிவிட்டு அதைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க நன்றாக இருக்கும்.

எல்லோரும் வீடு வாங்கிக்கொண்டிருந்த ஒரு காலத்தில் மூன்றாவதும் வந்து சேர்ந்தது. லிஃப்ட் வைத்த புதுக் கட்டடத்தில் ஒரு ஃபிளாட். முதல் இரண்டு வீட்டையும் ஈடாகக் காட்டி வாங்கிய பெரிய கடன். வாடகை தவணைக்குக் காணாது. குறைகிறதைச் சம்பளத்திலிருந்து போட்டுக் கட்டினார். விலை ஏறும், ஏறியதும் விற்று மற்ற கடன்களை அடைத்துவிடலாம் என்பது கணக்கு.

அதுவரை அவருக்கு வருமான வரிக் கணக்கு எழுதிக்கொடுத்தவர் வரி அலுவலகத்து வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர். மூன்றாவது வீட்டுப் பத்திரத்தைப் பார்த்ததும் அவர் பேனாவை மூடிவிட்டார். "இது என் கைக்கு அடங்காது மாஸ்டர். ஒரு நல்ல ஆடிட்டரா பாருங்க."

மாஸ்டர் பார்க்கத் தொடங்கினார்.

முதலில் போனது ஒரு பெரிய ஆபீஸ். கண்ணாடிக் கதவு, குளிர்ந்த காற்று, கம்ப்யூட்டர் முன்னால் இளைஞர்கள். அவரைப் பார்க்க வந்த பையன் கைகுலுக்கிவிட்டு, எத்தனை வீடு என்று கேட்டான். மூன்று என்றதும், முப்பது என்பார் என்று எதிர்பார்த்தவன்போல அவன் முகம் சுருங்கிவிட்டது. கட்டணம் எவ்வளவு என்று அவன் சொன்னபோது மாஸ்டர், "இதுக்கு நாலாவது வீடு வாங்கி அந்த வாடகையை உங்களுக்கே கொடுத்துடலாம் தம்பி" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

இரண்டாவது ஒரு பெண் ஆடிட்டர். தன் வீட்டு முன்னறையிலேயே தொழில் நடத்தினார். உள்ளே வாஷிங் மெஷின் ஓடும் சத்தம், மேஜைமேல் கோப்புகள், ஒரு தட்டில் பாதி கடித்த பிஸ்கட். மாஸ்டர் கொண்டுபோன காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். நடுநடுவே கேள்வி. வீடு யார் பெயரில் இருக்கிறது, ரிப்பேர் ரசீதுகள் இருக்கிறதா, வாடகைக்காரர் போய்விட்டால் எத்தனை மாதம் தாங்குவீர்கள். டாக்டரிடம் போனதுபோல இருந்தது என்றார் மாஸ்டர். கடைசியில் அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

"முதல் ரெண்டும் சரி சார். மூணாவது உங்களுக்கு வருமானம் இல்ல, செலவு. முடிஞ்சா இப்பவே வித்துடுங்க."

"விலை ஏறும்ல மேடம்?"

"ஏறலாம். ஏறாமலும் போகலாம். ஏறும்னு நினைச்சுக்கிட்டு என்னால கணக்கு எழுத முடியாது. வட்டி ஏறினா என்ன பண்றதா இருக்கீங்க?"

மாஸ்டர் காகிதங்களைப் பையில் போட்டுக்கொண்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தவர், வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்திருக்கிறார். என்னிடம் சொன்னார்: "பெத்த குழந்தையைத் தூக்கிட்டுப் போய் காட்டினா, கொஞ்சக்கூட வேணாம். மூக்கு சப்பைன்னு சொல்லாம இருக்கலாம்ல?"

அந்தச் சமயத்தில் அவரிடம் ஒருவர் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டிய, மெலிந்த மனிதர். அவரும் ஆடிட்டர்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் சின்ன அறை வைத்திருந்தார். ஓட்டுகிற அழகைப் பார்த்து மாஸ்டர் அவர்மேல் உயிரையே வைத்துவிட்டார். மற்றவர்கள் ஒரு முறை கண்ணாடி பார்க்கும் இடத்தில் இவர் திரும்பத் திரும்பப் பார்ப்பார். ஒரு நாய் நடைபாதையில் சும்மா நின்றிருந்தால்கூட வண்டியை நிறுத்திவிட்டு அது முடிவெடுக்கட்டும் என்று காத்திருப்பார். அவர் ஓட்டும்போது மட்டும் மாஸ்டருக்குக் கத்த வேண்டிய அவசியமே வரவில்லை. முழங்காலுக்கும் ஓய்வு.

"ஸ்டியரிங்கைப் பிடிச்சா மனுஷன் பொய் சொல்ல முடியாதுப்பா. அவனவன் குணம் வெளியே வந்துடும். எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்! இந்த ஆள்கிட்ட கண்ணை மூடிக்கிட்டு எதையும் கொடுக்கலாம்."

அக்காவுக்கு மனசு ஒப்பவில்லை. "வண்டியை ஒழுங்கா ஓட்டறவர் கணக்கை ஒழுங்கா பார்ப்பார்னு என்ன நிச்சயம்? அந்த அம்மாவைப் பாருங்களேன். கறாரா இருந்தாலும் கேக்க வேண்டியதைக் கேட்டாங்கன்னுதானே நீங்களே சொன்னீங்க."

"வீட்டை வித்துடுன்னு சொல்றதுக்கு எதுக்கும்மா ஆடிட்டர்? அதை என் மச்சானே காசு வாங்காம சொல்லுவான்."

அந்த மனிதர் டிரைவிங் டெஸ்டில் தேறவில்லை. மறுபடியும் போனார், மறுபடியும் தேறவில்லை. பெரிய சாலையில் நுழையச் சொன்னால் வழி கிடைத்தும் நுழையாமல் நிற்கிறார் என்றார் இன்ஸ்பெக்டர். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்துக் காது செவிடாகிறதாம். "பயந்தவனை ரோட்டுல விடறது வேகமா போறவனை விடறதைவிட ஆபத்து மாஸ்டர்" என்று அந்த இன்ஸ்பெக்டர் சொன்னதை மாஸ்டரே என்னிடம் சொல்லி, இன்ஸ்பெக்டரைத் திட்டித் தீர்த்தார். ஒருவழியாக லைசன்ஸ் கிடைத்த அன்று இருவரும் ஒரு கடையில் நின்று டீ குடித்தார்கள். அங்கேயே மாஸ்டர் விஷயத்தைச் சொன்னார். ஆடிட்டர் முதலில் மறுத்தார். தனக்கு இருப்பதெல்லாம் சின்னச் சின்னக் கடைக்காரர்கள், வீட்டு வாடகைக் கணக்கு அதிகம் பார்த்ததில்லை என்றார். அப்படி ஒளிக்காமல் சொன்னதே மாஸ்டருக்குப் போதுமாக இருந்தது. மறுநாள் காகிதங்களைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மாடியேறிவிட்டார்.

முதல் வருஷம் கணக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. அதற்கடுத்த வருஷம் ஜன்னல் வைத்த அந்தத் தனி வீட்டில் கூரை ஒழுகி, மாஸ்டர் ஓடுகளை எடுத்துவிட்டுத் தகடு போட்டார். அதிலும் பாதி அவர் கைவேலைதான். ரசீதுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தார். சில வாரம் கழித்து, "போட்டாச்சா சார்?" என்று கேட்டபோது ஆடிட்டர் சொன்னார்: "பார்த்துட்டிருக்கேன் மாஸ்டர். ஒரு சின்ன சந்தேகம் இருக்கு. அது தெளிஞ்சதும் போட்டுடறேன்."

அவசரப்படாத மனிதர் என்று மாஸ்டர் பெருமைப்பட்டார்.

அதற்கப்புறம் எப்போது கேட்டாலும் அதே மாதிரியான பதில். நடந்துட்டிருக்கு, கவலைப்படாதீங்க, ரசீதெல்லாம் பத்திரமா இருக்கு. கட்டணம் கொடுக்கப் போனால், "எல்லாம் முடியட்டும் மாஸ்டர், அப்புறம் வாங்கிக்கறேன்" என்று கையெடுத்துக் கும்பிடுவார். இந்தக் காலத்தில் இப்படி ஒருவரா என்று மாஸ்டர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எனக்கும் சிபாரிசு செய்தார். எனக்குக் கணக்கு பார்க்கும் அளவுக்கு எதுவும் இல்லாததால் நான் தப்பித்தேன்.

வட்டி ஏறத் தொடங்கியது. முதலில் கொஞ்சம், பிறகு கணிசமாக. லிஃப்ட் வைத்த கட்டடத்தில் லிஃப்ட் பழுதாகி, சரிசெய்யப் பணம் யார் கொடுப்பது என்ற சண்டையில் மாதக்கணக்கில் நின்றது. வாடகைக்காரர் கைக்குழந்தையோடு நாலு மாடி ஏற முடியாதென்று காலி செய்துவிட்டார். ஃபிளாட் பூட்டிக் கிடந்தது. மாஸ்டருக்கு மூச்சு முட்டியது. பேங்குக்குப் போய்க் கடன் காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றார்கள். வரிக் கணக்கு தாக்கல் செய்த நகல்கள் மட்டும் வேண்டும், கடைசி மூன்று வருஷத்துக்கு.

"அதுக்கென்ன, நாளைக்கே கொண்டுவரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து போன் செய்தார். ஆடிட்டர் எடுக்கவில்லை. அடுத்த நாளும் எடுக்கவில்லை. மாடி அறைக்குப் போனால் பூட்டு. கீழே செருப்பு தைப்பவர், "சார் வந்து ரொம்ப நாளாச்சே" என்றார். மாஸ்டர் விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனார். நானும் கூடப் போனேன். முழங்கால் வீங்கியிருந்ததால் நான்தான் வண்டி ஓட்டினேன்.

ஆடிட்டரின் மனைவி கதவைத் திறந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. உள்ளே சாப்பாட்டு மேஜைமேல் கட்டுக் கட்டாகக் காகிதங்கள். ஒவ்வொரு கட்டுக்கும் நூல் சுற்றி, மேலே வாடிக்கையாளர் பெயர் எழுதி, அழகாக அடுக்கியிருந்தது. அவற்றுக்கு முன்னால் ஆடிட்டர் உட்கார்ந்திருந்தார். பட்டப்பகலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"வாங்க மாஸ்டர். உட்காருங்க."

"உட்கார நேரமில்ல சார். கணக்கு போட்ட காப்பி வேணும். பேங்க்ல கேக்கறாங்க. மூணு வருஷத்துது."

ஆடிட்டர் ஒரு கட்டின் நூலை இழுத்துச் சரிசெய்தார். அவர் மனைவி அடுப்படி வாசலில் நின்றபடியே, "சொல்லிடுங்க" என்றார்.

"போடல மாஸ்டர்."

"எந்த வருஷத்துது?"

"எதையுமே போடல. அந்த முதல் வருஷம் போட்டதுதான்."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். தன் காதில் ஏதோ தப்பாக விழுந்துவிட்டது, நான் சரியாகச் சொல்லுவேன் என்று எதிர்பார்ப்பதுபோல.

"அந்தக் கூரை மாஸ்டர்," என்றார் ஆடிட்டர். "பழசை ரிப்பேர் பண்ணினதா எழுதினா அந்த வருஷமே வருமானத்துல கழிச்சுக்கலாம். புதுசா போட்டதா எழுதினா வீட்டு மதிப்புல சேர்க்கணும். நீங்க ஓடுகளை எடுத்துட்டுத் தகடு போட்டிருக்கீங்க. அது ரிப்பேரா, புதுசா? ரெண்டு மாதிரியும் எழுதிப் பார்த்தேன். தப்பா போட்டா உங்களுக்கு அபராதம் வந்துடும்னு..."

"அதனால?"

"அதைப் போடாம அடுத்த வருஷத்துது எழுத முடியாது. இது அதைத் தொட்டுக்கிட்டுத்தான் வரும்."

"போடாம விட்டா அபராதம் வராதா?"

"வரும்."

"அது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் மாஸ்டர். காலையில கண் முழிச்சா முதல்ல அதுதான் ஞாபகம் வரும்."

நான் மாஸ்டர் கையைப் பிடித்துக்கொண்டேன். அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் ஒன்றும் செய்யவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டார். ஆடிட்டரின் மனைவி சொம்பைக் கொண்டுவந்து நீட்டியபடி, "நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேண்ணே. யார்கிட்டயாவது கேளுங்கன்னு சொன்னேன். கேட்டா தனக்குத் தெரியலன்னு வெளியே தெரிஞ்சுடுமாம்" என்றார். மேஜைமேல் இருந்த மற்ற கட்டுகளும் அதே கதைதான் என்று அப்போது எங்களுக்குப் புரிந்தது. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு சின்னச் சந்தேகம். சில கடைக்காரர்கள் ஏற்கெனவே வந்து கத்திவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவர் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கிறார்.

மாஸ்டர் தன் பெயர் போட்ட கட்டை எடுத்துக்கொண்டார். வண்டியில் ஏறி அதை மடியில் வைத்துக்கொண்டார். "ஒரு பைசா திருடலப்பா. திருடியிருந்தாக்கூட போலீஸ்ல கொடுக்கலாம். இவனை எங்கே கொண்டுபோய்க் கொடுக்கறது?"

வேறு வழியில்லாமல் அந்தப் பெண் ஆடிட்டரிடமே போனார். இந்த முறை அக்காவும் கூடப் போனார். அந்த அம்மாள் பழையதைக் கிளறவில்லை. கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "காகிதமெல்லாம் கச்சிதமா வச்சிருக்காரே" என்று மட்டும் சொன்னார். கூரை விஷயத்தைச் சொன்னதும் ஒரு துண்டுக் காகிதத்தில் ஏதோ கூட்டிக் கழித்தார்.

"ரெண்டுல எப்படிப் போட்டிருந்தாலும் வித்தியாசம் ஒரு மாச வாடகைகூட வராது சார். ஒரு பக்கமா எழுதி, ஏன் அப்படி எழுதினோம்னு ஒரு குறிப்பு வச்சு அனுப்பணும். கேட்டா பதில் சொல்லிக்கலாம். பாதி நேரம் கேக்கவே மாட்டாங்க."

அதைக் கேட்ட நிமிஷம்தான் தனக்கு உண்மையாகவே வயிறு எரிந்தது என்று அக்கா என்னிடம் சொன்னார்.

கணக்குகள் போடப்பட்டன. நாள் கடந்ததற்கு அபராதம், கட்டாத வரி, அதற்கு வட்டி என்று ஒவ்வொன்றாக வந்து நின்றன. பேங்க் அதற்குள் கையை விரித்துவிட்டது. வரி பாக்கி வைத்திருப்பவருக்குக் கடனை நீட்டுவதில்லை என்றார்கள். மாஸ்டர் கால் கடுக்க அலைந்தார். பேங்கில் ஒரு பெரிய அதிகாரியைப் பார்க்கக் காத்திருந்து, உள்ளே போய், "நான் ஏமாத்தல சார், எனக்குத் தெரியாது" என்றிருக்கிறார். அவர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லி, மரியாதையாகவே பதில் சொன்னாராம். "தெரியாதுங்கறதை எழுதறதுக்கு எங்க ஃபாரத்துல இடம் இல்லீங்க."

ஃபிளாட்டை விற்றார்கள். லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் கேட்ட விலைக்கு யார் வருவார்கள்? வந்தவர் சொன்ன விலைக்குக் கொடுத்தும் கடன் முழுதாக அடையவில்லை. மீதிக்கும் அபராதத்துக்குமாகத் தனி வீடும் போக வேண்டியதாயிற்று.

அந்த வீட்டை மகளுக்கு என்று எப்போதோ சொல்லி வைத்திருந்தார் மாஸ்டர். ஒரே மகள், கல்யாணமாகித் தொலைவில் இருந்தாள். போன் செய்து தயங்கித் தயங்கிச் சொன்னார். அவள், "பரவாயில்லப்பா. உடம்பைப் பார்த்துக்கோங்க" என்றாள். மாப்பிள்ளை எப்போதும் ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் போனைத் தருவார். அன்றைக்கு வரவில்லை. அதற்குப் பிறகு அவளுடைய போனும் குறைந்துபோனது. கோபமாக நாலு வார்த்தை கேட்டிருந்தால் தேவலாம் என்று மாஸ்டர் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாவி கொடுப்பதற்கு முன்னால் வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்டு வருவதாகச் சொல்லி அக்கா போனார். வாங்குகிறவர்கள் எப்படியும் கழுவிவிடுவார்கள், எதற்கு வீண் வேலை என்று மாஸ்டர் தடுத்தும் கேட்கவில்லை. நேரமாகியும் ஆள் வராததால் மாஸ்டர் தேடிக்கொண்டு போனார். அக்கா அடுப்படியில் நின்றிருந்தார். வீட்டிலிருந்து சின்ன ஸ்டவ்வும் ஒரு பாத்திரமும் கொண்டுபோயிருந்தார்.

"என்னம்மா இது?"

"இருங்க. ஒரு தடவை இந்த அடுப்படியில டீ போட்டுக் குடிச்சுட்டு வரேன். உங்களுக்கும் ஒரு வாய் இருக்கு."

இருவரும் ஜன்னல் ஓரமாக நின்று குடித்தார்கள். அடுத்த வீட்டுத் தோட்டத்தில் ஒருவர் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். அக்கா பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து, பிறகு எடுத்துத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார். "அழுதிருந்தா சமாதானம் சொல்லியிருப்பேன். டீ கொஞ்சம் தூக்கலா இருக்குல்லன்னு கேக்கறா. நான் என்னப்பா சொல்ல?" என்றார் மாஸ்டர்.

சைக்கிள் கடை மாடி மட்டும் தப்பும் என்று நினைத்தார்கள். அதன் கடனும் பேங்கில் இருந்தது, பெரிய கடனுக்கு ஈடாகவும் இருந்தது. ஒரு வருஷம் இழுத்துப் பிடித்துப் பார்த்தார் மாஸ்டர். கூடுதலாகப் பாடம் எடுத்தார், ஞாயிறுகளிலும் எடுத்தார். முழங்கால் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஒரு நாள் கற்றுக்கொள்ள வந்த பெண் பதற்றத்தில் வேகத்தைக் கூட்டிவிட, மாஸ்டர் மிதித்த பிரேக் ஒரு கணம் பிந்தியது. வண்டி ஒரு வீட்டின் கேட்டில் போய் மோதி நின்றது. யாருக்கும் அடியில்லை. ஸ்கூல் முதலாளி நல்லவர், வேலையை விட்டு எடுக்கவில்லை. ரோட்டிலிருந்து எடுத்து வகுப்பறையில் போட்டார். சிவப்பு வட்டம், நீல வட்டம், முக்கோணம் என்று சுவரில் தொங்கும் அட்டைகளைக் குச்சியால் தொட்டுக் காட்டுகிற வேலை. சம்பளம் பாதி. அதோடு மாடியும் போயிற்று. வாங்கியவர் கீழே கடை வைத்திருந்த சைக்கிள்காரர்தான். பத்திரம் முடிந்த அன்று அவர் மாஸ்டரிடம், "நீங்க மாட்டின குழாயெல்லாம் அப்படியே இருக்கு மாஸ்டர், ஒரு சொட்டு ஒழுகல" என்றாராம், ஆறுதலாக இருக்கட்டும் என்று.

அந்த மனிதரை, முதலில் தேர்ந்தெடுத்த ஆடிட்டரை, மாஸ்டர் அதன்பின் ஒரு தடவைதான் பார்த்தார். மருந்துக் கடையில். அவர் தொழிலை விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டிருந்தோம். இளைத்துத் தாடி வளர்ந்து ஆளே மாறியிருந்தார். மாஸ்டரைக் கண்டதும் ஒதுங்கி வழிவிட்டார். மாஸ்டரும் தனக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். ஏதாவது கேட்டீர்களா என்றேன். "எதைக் கேக்கறது? எப்படி இருக்கீங்கன்னா? அதான் தெரியுதே" என்றார்.

கடைசிப் பாக்கியைக் கட்டிய ரசீதை எடுத்துக்கொண்டு மாஸ்டரும் அக்காவும் பெண் ஆடிட்டரைப் பார்க்கப் போனார்கள். அக்கா ஆஸ்பத்திரியில் அரைநாள் லீவு சொல்லியிருந்தார். அந்த அம்மாள் ரசீதைக் கோப்பில் சேர்த்தார். மாஸ்டர் கொடுத்த கட்டணத்தில் பாதியைத் திருப்பி மேஜைமேல் வைத்தார். மாஸ்டர் எடுக்கவில்லை, அக்கா எடுத்துக்கொண்டார்.

"அவ்வளவுதான் சார். இனிமே எதுவும் பாக்கி இல்ல."

"அடுத்த வருஷம் எப்போ வரணும் மேடம்?"

அந்த அம்மாள் கொஞ்சம் தயங்கினார். "வர வேண்டியதில்ல சார். இப்போ இருக்கற சம்பளத்துக்கு வரி கிடையாது. வேற வருமானமும் இல்ல. உங்களுக்கு இனிமே ஆடிட்டர் தேவைப்படாது."

மாஸ்டர் தலையாட்டினார். எழுந்திருக்கக் கொஞ்ச நேரமாயிற்று. மேஜையைப் பிடித்துக்கொண்டு, கெட்ட காலை முதலில் நீட்டி, பிறகுதான் அவரால் எழுந்திருக்க முடியும். அக்கா காத்திருந்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது மாஸ்டர் திரும்பி, "ஒருவேளை பின்னால ஏதாவது சின்னதா ஒண்ணு வாங்கினா..." என்று ஆரம்பித்தார். அக்கா அவரைப் பார்த்தார். "ஒண்ணுமில்ல மேடம்" என்று முடித்துக்கொண்டார்.

பஸ்ஸில் இருவருக்கும் இடம் கிடைத்தது. மத்தியான ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டதால் அக்கா வழியிலேயே ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிக்கொண்டார். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், ஆறியிருந்தால் அப்படியே சாப்பிட வேண்டாம், சுடவைத்துச் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மாஸ்டர் சரி என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.